அம்மாவின் மேல் தாடையில் 4 மில்லிமீட்டர்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த திக்கலும் திரும்பத் திரும்பச் சொன்னதும் நீக்கப்பட்டிருக்கிறது. திரையில் படம் காட்டிப் பேசிய இடங்கள் மட்டும் கொஞ்சம் மாற்றி எழுதப்பட்டிருக்கின்றன.)

வழக்கமா இங்க கோடு, சர்வர், வேலை, சம்பளம்னு பேசுவோம். இந்த வாரம் பல். சிரிக்காதீங்க. கடந்த ஒரு வருஷத்துல நான் அதிக நேரம் உட்கார்ந்து பார்த்த டேட்டா, ஆபீஸ் டேட்டா கிடையாது. எங்க அம்மாவோட மேல் தாடை ஸ்கேன். அதுல நான் ஒரு பெரிய தப்பும் பண்ணினேன். அதையும் சொல்றேன்.

அம்மாவுக்கு 57 வயசு. மூணு வருஷத்துக்கு முன்னாடி மேல் வரிசையில் வலது பக்கம் முதல் கடைவாய்ப்பல்லை எடுத்துட்டாங்க. அந்த இடம் காலியாவே இருந்தது. போன வருஷம் நான்தான் "இம்ப்ளான்ட் வச்சுக்கலாம்மா" என்று ஆரம்பிச்சேன். வீட்டுக்குப் பக்கத்துல ஒரு கிளினிக்குக்குப் போனோம். ஓபிஜி எடுத்தாங்க. முழு வாயையும் ஒரே படத்தில் காட்டும் நீளமான எக்ஸ்ரே, உங்கள்ல பாதிப் பேர் எடுத்திருப்பீங்க. அதைப் பார்த்துட்டு, "எலும்பு ஏழு மில்லிமீட்டர் இருக்கு, சின்ன ஸ்க்ரூவா போட்டுடலாம், ஒரே நாள்ல முடிஞ்சுடும்" என்றார்கள். அட்வான்ஸ் கட்டுற நேரத்துலதான், என் ஃப்ரெண்டோட அக்கா ஒருத்தங்க, அவங்க பல் டாக்டர், போன்ல கேட்டாங்க: "மேல் கடைவாய்ப்பல்லா? சைனஸ் பக்கத்துல இருக்குமே. சிபிசிடி எடுத்தாச்சா?"

எடுக்கலை. அப்படின்னா என்னன்னே எனக்குத் தெரியாது.

முதல்ல அந்த இடம் எப்படி இருக்குன்னு பார்த்துடுவோம். மூக்குக்கு ரெண்டு பக்கமும், கன்னத்து எலும்புக்கு உள்ளே ஆளுக்கொரு காற்றறை இருக்கிறது. அதுதான் மேல் தாடை சைனஸ். பெரியவர்களுக்கு ஒரு பக்க அறையின் கொள்ளளவு சராசரியா 12 முதல் 15 மில்லிலிட்டர், அதாவது ஒரு மேசைக்கரண்டிக்குள்ள அடங்கிடும். அந்த அறையின் தரைக்கு நேர் கீழேதான் மேல் கடைவாய்ப்பற்களின் வேர்கள் இருக்கின்றன. சிலருக்கு வேருக்கும் சைனஸுக்கும் நடுவுல காகிதம் மாதிரி மெல்லிய எலும்புதான் இருக்கும். 1651-ல் நத்தானியல் ஹைமோர் என்ற ஆங்கிலேய மருத்துவர் இந்த அறையைப் பற்றி விரிவா எழுதினார். அதில் ஒரு பெண் நோயாளியின் கதை வருகிறது. மேல் பல்லை எடுத்த குழியில் அந்தப் பெண் ஒரு இறகின் தண்டை விட்டுப் பார்க்க, அது பாட்டுக்கு உள்ளே போய்க்கிட்டே இருந்திருக்கு. மூளைக்கே போயிடுச்சோன்னு பயந்துட்டாங்களாம். போனது சைனஸுக்குள்ள.

பல் இருக்கும்வரை அதைப் பிடிச்சிருக்கிற எலும்புக்கு வேலை இருக்கிறது. பல் போனதும் அந்த எலும்பு கரைய ஆரம்பிக்கிறது. கீழ் தாடையில் மேலிருந்து மட்டும் கரையும். மேல் தாடையின் பின்பக்கத்தில் ரெண்டு பக்கத்திலிருந்தும் குறையும். வாய்ப் பக்கம் ஈறு மேடு தேயும், அந்தப் பக்கம் சைனஸ் கீழே இறங்கி விரியும். காலி மனைன்னு தெரிஞ்சதும் ரெண்டு பக்கத்து வீட்டுக்காரரும் ராத்திரியோட ராத்திரியா காம்பவுண்டை நகர்த்துவாங்களே, அதே கதை. அம்மாவோட மனை மூணு வருஷமா காலி.

இம்ப்ளான்ட் என்பது ஒரு டைட்டானியம் ஸ்க்ரூ. வழக்கமா 8, 10 மில்லிமீட்டர் நீளம். 6 மில்லிமீட்டரிலும் இப்போது வருகிறது. அதனால எத்தனை மில்லிமீட்டர் எலும்பு மிச்சம் இருக்குங்கறதுலதான் எல்லாமே இருக்கு. இதை ஓபிஜியில் அளக்கிறதுல என்ன பிரச்சினை?

உங்க போன்ல பனோரமா மோட் இருக்கே, ஓபிஜியும் கிட்டத்தட்ட அதுதான். எக்ஸ்ரே குழாய் ஒரு பக்கமும் சென்சார் எதிர்ப்பக்கமும் தலையைச் சுத்தி வரும். குதிரை லாடம் மாதிரி வளைந்த ஒரு பட்டைக்குள்ள இருப்பது மட்டும் தெளிவா விழும். அதுக்கு முன்னாடி பின்னாடி இருப்பதெல்லாம் மங்கிடும். பனோரமாவுல நடுவுல யாராவது நடந்தா இழுத்த மாதிரி விழுமே, அதுபோல நிற்கும் விதம் கொஞ்சம் மாறினாலே அளவும் மாறும். படமே நிஜத்தைவிட 20, 30 சதவீதம் பெரிசா விழலாம். ஏழுன்னு அளந்தது, உருப்பெருக்கத்தைக் கழிச்சாலே ஐந்தரை பக்கம் வந்துடும். இதைச் சரிக்கட்ட, விட்டம் தெரிந்த ஒரு எஃகு குண்டை வாயில் வைத்து எடுக்கும் டாக்டர்களும் இருக்கிறார்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல், ஓபிஜி தட்டைப் படம். சைனஸின் தரை ஒரு கிண்ணம் மாதிரி வளைந்தது. அந்தக் கிண்ணம் முழுக்க படத்தில் ஒரே ஒரு வெள்ளைக் கோடா நசுங்கிடும். அந்தக் கோடு கன்னத்துப் பக்கத்தோடதா, அண்ணத்துப் பக்கத்தோடதா, நடுவுலயா? படத்தை வச்சுச் சொல்ல முடியாது. கன்ன எலும்பின் நிழலும் அண்ணத்தின் நிழலும் மேலே வந்து விழும். வேர் சைனஸுக்குள்ள குத்திக்கிட்டு நிற்பது போல ஓபிஜியில் தெரியும். முப்பரிமாணத்தில் பார்த்தா பல நேரம் அது பக்கத்தில்தான் இருக்கும். எலும்பின் அகலம்? ஓபிஜியில் அதற்கு வழியே இல்லை.

இங்கதான் சிபிசிடி வருது. கூம்பு வடிவக் கதிர் வச்சு எடுக்கிற சி.டி. ஸ்கேன். இதுக்குப் பின்னாடி இருக்கிற எஞ்சினியரிங் கதையைச் சொல்லாம போனா எனக்குத் தூக்கம் வராது, அதனால ரெண்டு நிமிஷம்.

சி.டி. ஸ்கேனை உருவாக்கிய காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட் ஒரு எஞ்சினியர். இ.எம்.ஐ.யில் வேலை. ஆமா, பீட்டில்ஸ் இசைத்தட்டெல்லாம் வெளியிட்ட அதே இ.எம்.ஐ. லண்டனில் 1971 அக்டோபர் 1-ஆம் தேதி முதல் நோயாளிக்கு மூளை ஸ்கேன் எடுத்தார்கள். 1979-ல் ஆலன் கார்மக்குடன் சேர்ந்து நோபல் பரிசு. ஹவுன்ஸ்ஃபீல்டிடம் பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது. ரெஸ்யூமேவை டிகிரி வச்சு ஃபில்டர் பண்ணுற ஹெச்.ஆர். நண்பர்கள் கவனிக்கவும். அடுத்தது இன்னும் சுவாரசியம். கூம்புக் கதிரில் எடுத்த தட்டைப் படங்களிலிருந்து முப்பரிமாணத்தை மீட்டெடுக்கும் அல்காரிதத்தை 1984-ல் வெளியிட்டவர்கள் ஃபெல்ட்காம்ப், டேவிஸ், க்ரெஸ் என்ற மூவர். வேலை பார்த்தது ஃபோர்டு கார் கம்பெனி ஆராய்ச்சிப் பிரிவில். 1990-களின் கடைசியில் பல் மருத்துவத்துக்கான கருவிகள் இத்தாலியிலும் ஜப்பானிலும் வந்தபோது, அந்த அல்காரிதம் அங்கே வந்து உட்கார்ந்தது.

வேலை செய்யும் விதம் இதுதான். நீங்க அசையாம நிற்பீங்க, இல்ல உட்காருவீங்க. கருவியின் கை உங்க தலையை ஒரு தடவை சுத்தும், பத்து இருபது விநாடி. அதற்குள் வெவ்வேறு கோணத்தில் சில நூறு எக்ஸ்ரே படங்கள். ஒவ்வொரு படமும் ஒரு நிழல். ஒவ்வொரு நிழலையும், அது வந்த திசையிலேயே திருப்பி உள்ளே பூசுங்க. எல்லா நிழலும் ஒத்துப்போற இடத்தில் எலும்பு இருக்கிறது. அப்படியே பூசினா மங்கலா வரும் என்பதால், முன்னாடியே ஒவ்வொரு படத்தையும் ஒரு ஃபில்டரில் ஓட்டுவார்கள். கடைசியில் கிடைப்பது குட்டிக் குட்டிக் கனசதுரங்களால் ஆன ஒரு தலை. ஒரு பக்கம் பெரும்பாலும் 0.1 முதல் 0.4 மில்லிமீட்டர். எந்தக் கோணத்தில் வேணும்னாலும் வெட்டிப் பார்க்கலாம், அளவு அப்படியே இருக்கும்.

நாங்க ரெண்டாவதா ஒரு வாய், முக அறுவை சிகிச்சை டாக்டரைப் பார்த்தோம். அவங்க எழுதின சீட்டில் "மேல் தாடை, சைனஸ் வாசல் தெரியும் அளவுக்கு" என்று குறிப்பா இருந்தது. ஸ்கேன் சென்டர் கவுண்டரில் நான் புத்திசாலித்தனமா, "ஒரு பல்லுக்குத்தானே, சின்னதா எடுங்களேன், கதிர்வீச்சும் கம்மி, காசும் கம்மி" என்றேன். என் கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. இயற்கையாவே மண், காற்று, விண்வெளியிலிருந்து நாம் வாங்கும் கதிர்வீச்சு உலகச் சராசரியில் வருஷத்துக்கு 2.4 மில்லிசீவர்ட். ஓபிஜி என்பது அதில் சில நாள் பங்குதான். சிபிசிடி கருவியையும் எடுக்கும் பரப்பையும் பொறுத்து சில நாளிலிருந்து சில மாதம் வரை போகும். அதனால செக்கப்புக்குப் போகும்போதெல்லாம் எடுக்கிற படம் இது இல்லை. ஆனா சைனஸ் வாசல் விஷயம் வேற. சைனஸிலிருந்து சளி மூக்குக்கு வெளியேறும் துளை, அறையின் அடியில் இல்லை. மேலே, கூரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாடியில் வாஷ் பேசினுக்கு ஓட்டையை மேல வச்ச மாதிரி. உள்ளே இருக்கும் நுண்ணிய ரோமங்கள்தான் சளியை மேலே தள்ளி வெளியேத்துது. அந்த வாசல் அடைச்சிருக்கும்போது கீழே போய் எலும்புத் தூள் வைத்தால் சீழ் பிடிக்கும் அபாயம் கூடும். ஒரு பல்லை மட்டும் எடுத்திருந்தா அந்த வாசல் படத்திலேயே வந்திருக்காது. நல்லவேளை, கவுண்டரில் இருந்த அண்ணன் என் பேச்சைக் கேட்கலை.

சிடியைக் கையில் கொடுத்தார்கள். டாக்டர் அப்பாயின்ட்மென்ட் ரெண்டு நாள் கழிச்சு. நான் சும்மா இருப்பேனா?

உள்ளே இருப்பது டைகாம் கோப்புகள். மருத்துவப் படங்களுக்கான பொது வடிவம். 3டி ஸ்லைசர்னு ஒரு இலவச, திறந்த மூல மென்பொருள் இருக்கு. இறக்கினேன், திறந்தேன், அம்மாவோட முகம் திரையில் சுத்துச்சு. ராத்திரி பதினொன்றரை மணி. எலும்பை மட்டும் பிரிச்சு 3டி மாடல் ஆக்கினேன். பார்த்தா சைனஸ் சுவர் முழுக்க ஓட்டை. எனக்குக் கை நடுங்கிடுச்சு. புற்றுநோயா இருக்குமோன்னு தேட ஆரம்பிச்சு, ரெண்டு மணி வரை தூங்கலை. அம்மாகிட்ட சொல்லவும் இல்லை. மறுநாள் அந்தப் பிளவுகளை மறந்துட்டு, அளக்கிற கருவியை எடுத்து எலும்பை அளந்தேன். 6.8 மில்லிமீட்டர். கிளினிக் சொன்ன ஏழு! அவங்க சரியாத்தான் சொல்லியிருக்காங்க, நாமதான் வீணா செலவு பண்ணிட்டோம்னு அம்மாகிட்ட பெருமையா சொல்லிட்டேன்.

டாக்டர் அறையில் நடந்தது இது. அவங்க எந்த அளவும் எடுக்கும் முன்னாடி, மேலிருந்து பார்க்கும் வெட்டில் பல் வரிசையின் வளைவை ஒரு கோடா வரைந்தார்கள். அந்த வளைவுக்குச் செங்குத்தா, ரொட்டித் துண்டு மாதிரி வரிசையா வெட்டுப் படங்கள் வந்தன. அதில் இம்ப்ளான்ட் வரவேண்டிய இடத்தில், வரவேண்டிய சாய்வில் ஒரு கோடு போட்டாங்க.

"4.1."

நான் என் லேப்டாப்பைக் காட்டினேன். "நீங்க எங்க அளந்தீங்க தம்பி?" என்று கேட்டுவிட்டு அவங்களே பார்த்தாங்க. மென்பொருள் தானா கொடுத்த வெட்டிலேயே நான் அளந்திருக்கேன். அது தலை சாய்ந்திருந்த கோணத்தில் வெட்டினது. வாழைக்காயை நேரா வெட்டினா வட்டம், சாய்ச்சு வெட்டினா நீளம். போதாக்குறைக்கு கிண்ணத்தின் ஓரத்தில், தரை மேலே ஏறும் இடத்தில் அளந்திருக்கேன். ரெண்டு தப்பும் ஒரே திசையில் சேர்ந்து, நான் கேட்க விரும்பின பதிலையே கொடுத்திருக்கு. ப்ரொடக்‌ஷன்ல இப்படி ஒரு பக் வந்தா அதைக் கண்டுபிடிக்க வாரக்கணக்காகும்.

அந்த ஓட்டைகளைப் பத்தியும் கேட்டேன். டாக்டர் சிரிக்கலை, அதுக்கு நன்றி. சைனஸ் சுவர் பல இடத்தில் ஒரு கனசதுரத்தைவிட மெல்லிசு. அந்தக் கனசதுரத்தில் பாதி எலும்பு, பாதி காற்று, ரெண்டும் கலந்து நடுவாந்தரமான எண் வரும். நான் வச்ச எல்லைக்குக் கீழே போனதும் மென்பொருள் அதை எலும்பு இல்லைன்னு தூக்கிடுச்சு. சிபிசிடியின் சாம்பல் எண்களை ஆஸ்பத்திரி சி.டி.யின் ஹவுன்ஸ்ஃபீல்ட் எண் மாதிரி நம்பக்கூடாது என்றும் சொன்னார்கள். கதிர் சிதறலால் கருவிக்குக் கருவி அது மாறும். உலோக கேப் பக்கத்தில் கறுப்பு வெள்ளைக் கோடுகள் வேற கிளம்பும். அதனாலதான் அவங்க 3டி மாடலைத் திறக்கவே இல்லை. வெட்டுப் படங்களையே ஒவ்வொன்றா நகர்த்திப் பார்த்தார்கள்.

நான் உயரம் ஒன்றைத்தான் தேடினேன். அவங்க தேடினது வேற நிறைய. அகலம் இருக்கா? நாலு மில்லிமீட்டர் ஸ்க்ரூவுக்கு ரெண்டு பக்கமும் குறைஞ்சது ஒரு மில்லிமீட்டராவது எலும்பு மிச்சம் வேணும். சைனஸுக்குள் குறுக்குச் சுவர் இருக்கா? நிறைய பேருக்கு இருக்கும். சவ்வைத் தூக்கும்போது அங்கேதான் கிழியும். கன்னத்துப் பக்கச் சுவருக்குள் ரத்தக்குழாய் எங்கே ஓடுது? அந்தச் சுவரில் ஜன்னல் திறக்க வேண்டியிருந்தா அது முக்கியம்.

ஜன்னல்னு ஏன் சொல்றேன்னா, எலும்பு போதாதபோது செய்யும் சைனஸ் லிஃப்ட் ரெண்டு வகை. எலும்பு ஐந்தாறு மில்லிமீட்டராவது இருந்தா, இம்ப்ளான்ட் போடும் துளை வழியாவே தரையை மெல்லத் தட்டித் தூக்கலாம். 1994-ல் சம்மர்ஸ் என்பவர் விவரித்த முறை. அதைவிடக் குறைவா இருந்தா கன்னத்துப் பக்கம் சின்ன ஜன்னல் வெட்டி, சைனஸின் உள்சவ்வைக் கிழியாமல் தூக்கி, அடியில் எலும்புத் தூள் நிரப்பணும். ஹில்ட் டேட்டம் 1970-களில் தொடங்கி வைத்தது. வேகவைத்த முட்டையில் ஓட்டுக்கு உள்ளே ஒரு சவ்வு இருக்குமே, அது கிழியாம ஓட்டை மட்டும் உரிச்சுப் பாருங்க. டாக்டரின் வேலை கிட்டத்தட்ட அதுதான். 4.1 என்றால் அம்மாவுக்கு ரெண்டாவது வகை. ஒரே நாள் வேலை எல்லாம் கிடையாது, பல மாசம்.

இதோட முடிஞ்சிருந்தா இந்த எபிசோடே பண்ணியிருக்க மாட்டேன்.

டாக்டர் மேலே மேலே நகர்த்திக்கிட்டே போனாங்க. கறுப்பா, காலியா இருக்கவேண்டிய சைனஸின் கீழ்ப் பாதி சாம்பல் நிறமா இருந்தது. ஆரோக்கியமான சவ்வு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. ரெண்டு மில்லிமீட்டரைத் தாண்டினாலே தடிப்புன்னு குறிப்பாங்க. அம்மாவுக்கு ஒன்பது. இடது பக்கம் சுத்தமா இருந்தது. டாக்டர் திரையிலிருந்து திரும்பி, "அம்மா, வலது பக்க மூக்கு மட்டும் அடைக்குதா?" என்று கேட்டார்கள்.

"ஒரு வருஷமா இருக்குங்க டாக்டர். சளி மாத்திரை போட்டா ரெண்டு நாள் விடும்."

"ஏதாவது வாடை?"

அம்மா என்னை ஒரு தடவை பார்த்தாங்க. அப்புறம் மெதுவா, "வருது. அழுகின மாதிரி. வேற யாருக்கும் தெரியுதான்னு பயமா இருக்கும். கல்யாண வீட்டுக்கெல்லாம் போறதைக் குறைச்சுட்டேன்" என்றாங்க.

அம்மா ஒரு வருஷமா எந்த விசேஷத்துக்கும் வரலைன்னு எனக்குத் தெரியும். முட்டி வலின்னு சொல்லியிருந்தாங்க.

டாக்டர் பக்கத்துப் பல்லுக்கு நகர்த்தினார்கள். ஆறு வருஷத்துக்கு முன்னாடி ரூட் கெனால் பண்ணி கேப் போட்ட ரெண்டாவது கடைவாய்ப்பல். வேர் நுனியைச் சுத்தி ஒரு கறுப்பு வளையம். அதுக்கு மேலே சைனஸ் தரையே காணோம். இது மென்பொருள் போட்ட ஓட்டை இல்லை, எலும்பு நிஜமாவே கரைஞ்சிருக்கு. வேரைக் குறுக்கே வெட்டிப் பார்த்தா மூணு வெள்ளைப் புள்ளி, நிரப்பின கால்வாய்கள். பக்கத்தில் நிரப்பாத நாலாவது, கறுப்பா. மேல் முதல் கடைவாய்ப்பல்லில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இந்த நாலாவது கால்வாய் இருக்கும். ரெண்டாவது பல்லிலும் கணிசமானவர்களுக்கு உண்டு. மெல்லிசா, மறைவா இருக்கும் என்பதால் விட்டுப்போவது சகஜம். அந்த வழியா கிருமி வேர் நுனிக்குப் போய், அங்கிருந்து சைனஸுக்குப் போயிருக்கு. ஒரு பக்கம் மட்டும் சைனஸ், அதுவும் நாத்தத்தோட வந்தா, மேல் பல்லைச் சந்தேகப்படணும்னு டாக்டர் சொன்னாங்க. பல் வலியே இல்லாம இருக்கலாம். அம்மாவுக்கு இல்லை.

இந்த நிலையில் பக்கத்து இடத்தில் துளை போட்டு ஸ்க்ரூவையும் எலும்புத் தூளையும் வச்சிருந்தா, சீழ் இருக்கிற அறையின் அடியில் போய் வச்சிருப்போம். அட்வான்ஸ் கட்ட என் கார்டை எடுத்து நீட்டினது எனக்கு ஞாபகம் வந்தது.

இ.என்.டி. டாக்டரும் படத்தைப் பார்த்தார். வாசல் திறந்துதான் இருக்கு, முதல்ல பல்லைச் சரிபண்ணுங்க என்றார். வேர் சிகிச்சை நிபுணர் ஒருத்தர் மைக்ராஸ்கோப் வச்சு, பழைய ஃபில்லிங்கை எடுத்து, அந்த நாலாவது கால்வாயைக் கண்டுபிடிச்சுச் சுத்தம் பண்ணினார். மூணு தடவை போனோம். ரெண்டாவது தடவைக்கு அப்புறமே வாடை குறைய ஆரம்பிச்சதுன்னு அம்மா சொன்னாங்க. ஆறு மாசம் கழிச்சு மறுபடி ஸ்கேன். சவ்வு ஒன்பதிலிருந்து ரெண்டுக்கு வந்திருந்தது. வேர் நுனியில் வளையம் சின்னதாயிருந்தது, இன்னும் முழுசா மூடலை. இந்தத் தடவை நான் வீட்டில் எதையும் அளக்கலை. சும்மா திறந்து, சைனஸ் கறுப்பா இருக்கிறதை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துட்டு மூடிட்டேன்.

இப்போ இம்ப்ளான்ட் போடலாம் என்கிறார் டாக்டர். ஜன்னல் முறை. அவசரமான்னு கேட்டேன். எலும்பு இன்னும் கொஞ்சம் குறையலாம், ஆனா 4 ஆனாலும் 3 ஆனாலும் அதே ஆபரேஷன்தான், அவங்க முடிவு பண்ணட்டும் என்றார்.

அம்மா இன்னும் முடிவு பண்ணலை. "அந்தப் பல்லு இல்லாமலே மூணு வருஷமா முறுக்கு தின்னுட்டுத்தானே இருக்கேன்? யோசிச்சுச் சொல்றேன், நீ சும்மா இருடா" என்கிறாங்க. போன மாசம் சித்தி பொண்ணு கல்யாணத்துக்கு முதல் நாளே கிளம்பிப் போயிட்டாங்க. ரெண்டு ஸ்கேன் சிடியும் டிவி ஸ்டாண்டுக்குக் கீழ இருக்கு.

அடுத்த வாரம் மறுபடியும் சாஃப்ட்வேர்தான். பார்ப்போம் மக்களே.